தண்ணீர்ப் பெரட்டு

கல்லாத்து டவுனில் வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்குக் குறைவே கிடையாது. வைகாசியில் தொடங்குகிற மழை, நடுவில் இரண்டொரு நாள் களைப்பாறிக்கொண்டு, ஐப்பசி வரையில் கூரைத் தகரங்களின் மேல் தன் வேலையைப் பார்க்கும். ஆற்றில் தண்ணீர், தெருவோரக் கானில் தண்ணீர், கடைத்தெருவில் நடப்பவர்களின் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர். குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை.

ஏன் இல்லை என்பது இரகசியமுமல்ல. டவுனுக்கு மேலே, தேயிலை மலையின் ஓரத்தில், டவுன் கவுன்சிலின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இறங்கி வருகிற பைப், எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆடி மழையில் மண் சரிந்தபோது நடுவில் பிய்ந்துபோனது. பிய்ந்த வாயிலிருந்து தண்ணீர் ஆற்றில் கொட்டுகிற சத்தம் பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும். நோர்வூட் பக்கமிருந்து முதல்முறை வருகிறவர்கள், "இங்க பக்கத்துல நீர்வீழ்ச்சி இருக்குங்களா?" என்று ஆசையோடு விசாரிப்பார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள் றோசலின். தேயிலைக்கு நடுவில் இருக்கிற டவுன், தேயிலைக்குப் பஞ்சமில்லை. தண்ணீரைத்தான் மலை ஊற்று விழும் தோட்டத்துப் பீலியிலிருந்து குடத்தில் சுமக்க வேண்டியிருந்தது. அங்கே காவல்காரன், "டவுன்காரங்களுக்கு இங்க என்னா வேலை?" என்று தினமும் ஒருமுறை துரத்துவான். றோசலின் தினமும் ஒருமுறை ஓடுவாள். குடம் ததும்பாமல் ஓடுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

இந்த நிலையில்தான் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் நுழைந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் பீ.எச்.ஐ.

"குழாய் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க ஐயா."

"தண்ணி வருதா?"

"வரலீங்க."

"அப்ப கடை நடத்த ஏலாது. ஓடுற தண்ணி இல்லாத கடைக்கு லைசன் கிடையாது."

றோசலின் கையைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி விட வேண்டியது கவுன்சில்தானுங்களே ஐயா?"

"ஆமா."

"லைசன் குடுக்கிறதும் கவுன்சில்தானுங்களே?"

"ஆமா."

"அப்ப கவுன்சில் தண்ணி விடாத குத்தத்துக்கு, கவுன்சிலே வந்து என் கடையை மூடுமுங்களா?"

பீ.எச்.ஐ. நேர்மையான மனிதர். கேள்வியைக் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்தார்.

"மூடும்," என்றார். "மாசக் கடைசியில வருவேன். குழாயைத் திறந்து பார்ப்பேன். வந்தா லைசன். வராட்டிப் பூட்டு." பிறகு, அவள் கொடுத்ததைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தேத்தண்ணி நல்லா இருக்கு," என்று மனமாரச் சொல்லிவிட்டுப் போனார்.

றோசலின் நேரே கவுன்சிலுக்குப் போய்ச் சேர்மன் பொன்னையாவின் முன்னால் நின்றாள். சேர்மன் அவளை உட்காரச் சொன்னார். அது நல்ல சகுனமல்ல.

"பைப்பு உடைஞ்சது எனக்குத் தெரியாதா? புதுப் பைப்பு வாங்கி யார்டுல போட்டிருக்கேன். போய்ப் பாரு, சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கு."

"அப்ப மாட்டிறலாமுங்களே?"

"அதான் முடியாது. கொழும்புல இருந்து பெரிய தண்ணித் திட்டம் வருது. வெளிநாட்டுக் காசு. திட்டம் வர்ற நேரத்துல நாங்க பைப்பை மாட்டி, தண்ணியும் வந்துட்டா, அப்புறம் திட்டம் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? அறிவோட பேசு புள்ள."

றோசலின் அறிவோடு திரும்பி வந்தாள்.

அடுத்த வாரமே திட்டம் ஜீப்பில் வந்து இறங்கியது. அதன் பெயர் திரு. செபஸ்தியாம்பிள்ளை. நகர நீர்ப் பங்கேற்புத் திணைக்களத்தின் இணைப்பதிகாரி. கழுத்தில் டை, கையில் சுருட்டிய பெரிய காகிதங்கள், சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா. மாதா கோயில் மண்டபத்தில் ஊரையே கூட்டினார்.

"அன்பார்ந்த பெருமக்களே!" என்று தொடங்கினார். "இதுவரை காலமும் அதிகாரிகள் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு, உங்களை ஒரு வார்த்தை கேட்காமலே, உங்களுக்குத் தண்ணீர் தந்துவந்தார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! இனி அது நடக்காது. இனி உங்களைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது என்று உறுதியளிக்கிறேன்!"

சனம் கைதட்டியது. மழைக்கு ஒதுங்க நல்ல மண்டபம். கைதட்டினால் குளிருக்கும் இதமாக இருந்தது.

செபஸ்தியாம்பிள்ளை சுவரில் காகிதத்தை ஒட்டினார். "தண்ணீர் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? தயங்காமல் சொல்லுங்கள்."

மரக்கறிக்காரி காளியாயி தயங்கவில்லை. "பைப்பு."

"இன்னும் ஆழமாக யோசியுங்கள்."

"ஆழத்துல இல்லீங்க ஐயா. மேல, தொட்டிகிட்ட கிடக்கு."

றோசலின் எழுந்தாள். "பைப்பு பிஞ்சி கிடக்குங்க. மாட்டினாத் தண்ணி வந்திருமுங்க. மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா என் கடையைப் பூட்டிருவாங்க."

செபஸ்தியாம்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அருமை! மிக அருமை!" சிவப்புப் பேனாவை எடுத்தார். 'மக்களின் உணர்வுகள்' என்று தலைப்பிட்டு, அதன் கீழே 'பைப்' என்று எழுதி வட்டம் போட்டார்.

"எப்பங்க மாட்டுவீங்க?"

"அம்மா, தீர்வு என்பது ஐந்தாம் கட்டம். நாம் முதலாம் கட்டத்தில் நிற்கிறோம். முதலாம் கட்டத்திலேயே தீர்வைச் சொல்வது பங்கேற்பின் அடிப்படைக்கே விரோதமானது. என்றாலும் உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். உங்களை நீர்ப் பாவனையாளர் பிரதிநிதியாக நியமிக்கிறேன்."

அவளுடைய சேலையில் மஞ்சள் அட்டை ஒன்றைக் குத்தினார்கள். பிரதிநிதிக்குக் கடமைகள் இருந்தன. எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டும். எல்லாக் கூட்டத்துக்கும் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். அந்தத் தேத்தண்ணிக்குப் பெயர் 'உள்ளூர்ப் பங்களிப்பு'. அப்படிப் பெயர் வைத்த பொருளுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அட்டை எடுப்பா இருக்குடி," என்றாள் காளியாயி. "கடையைப் பூட்டினாலும் அதைக் குத்திக்கிட்டு வாசல்ல நிக்கலாம்."

இரண்டாம் கூட்டத்தில் நடிப்பு. தண்ணீரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தண்ணீராகவே மாற வேண்டும் என்று செபஸ்தியாம்பிள்ளை விளக்கினார். காளியாயிதான் தொட்டி. கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, இப்போது டவுனில் மகன் வீட்டோடு இருக்கும் சோலைமலை, பைப். கவுன்சில் கிளார்க், குழாய். றோசலின், துளி.

துளி தொட்டியிலிருந்து புறப்பட்டு, பைப்பின் அக்குளுக்குக் கீழே குனிந்து நுழைந்து, குழாயை வந்தடைந்தது. மண்டபம் அதிரக் கைதட்டல். ஆடி மாதத்துக்குப் பிறகு கல்லாத்து டவுனில் தண்ணீர் குழாய்க்கு வந்து சேர்ந்தது அதுதான் முதல்முறை.

"இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று துளியிடம் கேட்டார் செபஸ்தியாம்பிள்ளை.

"இடுப்பு வலிக்குதுங்க," என்றது துளி.

அதையும் பச்சைப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் கூட்டத்தில் திட்டப் புத்தகத்தின் அட்டை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று வாக்கெடுப்பு நடந்தது. நீலம் வென்றது. தோற்றுப்போன பச்சைக் கட்சியின் மனக்குறையை ஆராய ஓர் உபகுழு. பிறகு 'செவிமடுத்தல் உபகுழு' என்று ஒன்று. அதன் அங்கத்தவர்கள் ஒன்றும் பேசாமல் ஊரின் குரலைக் கேட்க வேண்டும். அவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டார்கள். மேலே பைப் கொட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"என்ன கேட்டது?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"பைப்புங்க."

"பார்த்தீர்களா? உங்கள் உணர்வு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது!"

றோசலினுக்கு இப்போது கடையைக் கவனிக்க நேரமில்லை. தண்ணீரைப் பற்றிய கூட்டத்துக்குத் தேத்தண்ணி போடத் தண்ணீர் சுமப்பதிலேயே பொழுது போனது. கூட்டம் முடிந்ததும் அதிகாரிகள் கை கழுவுவார்கள். அவர்கள் கழுவுகிற தண்ணீரும் பீலியிலிருந்து அவள் ஓடி எடுத்து வந்தது. பூட்டு விழும் நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. பிரதிநிதி என்பதால் அவள் தன் கவலையைக் கூட்டத்தில் சொல்லலாம், சொன்னாள், சிவப்பு வட்டம் பெரிதானது.

அப்போது கொழும்பிலிருந்து தந்தி வந்தது. வெளிநாட்டு நிபுணர் டொக்டர் பெர்க் மாதக் கடைசியில் கல்லாத்து டவுனின் பங்கேற்பை நேரில் பார்க்க வருகிறார்.

செபஸ்தியாம்பிள்ளைக்கு வியர்த்தது. கூட்டத்துக்கு வருகிற சனம் நாளுக்கு நாள் தேய்ந்து, கடைசிக் கூட்டத்தில் றோசலினும் மழைக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகளும்தான் இருந்தன. ஆகவே ஓர் ஒத்திகைக் கூட்டம் வைத்தார். பகலில் சனம் வேலைக்குப் போய்விடுகிறது என்பதால் விடிகாலையில், சந்தை வெளியில். பனியில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வரவுத் தாளை நீட்டி, "கங்காணியார், உங்கள் குரல் பெரியது. நீங்கள் பேரை வாசியுங்கள்," என்று சோலைமலையிடம் கொடுத்தார்.

இங்கே பெரட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்கள் எல்லாரும் கூடி நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிடுவார். கூப்பிட்டு முடிந்ததும் யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று சொல்வார். சொன்ன பிறகு அங்கே பேச்சில்லை, கால் நடக்கும். அதுதான் பெரட்டு. கல்லாத்து டவுனில் கடை போட்டவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ரோடு கூட்டுகிறவர்கள் என்று எல்லாருமே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, பெரட்டில் நின்று வளர்ந்தவர்கள். மண் அள்ளத் தெரியாதவர் அந்த டவுனில் ஒருவருமில்லை. அள்ளு என்று சொல்லத்தான் ஆளில்லை. கவுன்சில் சொத்தைச் சொல்லாமல் தொட்டால் பொலிஸ் வரும்.

சோலைமலை தாளை வாங்கினார். முதுகு தானாக நிமிர்ந்தது. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரு செருமல்.

"காளியாயி!"

"இருக்கேங்க!"

"ஆண்டியப்பன்!"

"இருக்கேங்க!"

அந்தக் குரல் கடைத்தெருவைத் தாண்டிப் போனது. படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். ஏன் வருகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. செபஸ்தியாம்பிள்ளைக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு வரவை அவருடைய திணைக்களம் கண்டதில்லை.

கடைசிப் பேரும் முடிந்தது. யாரும் கலையவில்லை. எல்லாரும் சோலைமலையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருஷம் இந்த இடத்தில் நிற்காத வாய், இப்போது மட்டும் எப்படி நிற்கும்?

"ஆம்பளையாளுக மம்பட்டியோட மேல தொட்டிக்கு! பொம்பளையாளுக கூடையோட மண்ணு சொமக்க! ஆண்டியப்பா, நாலு பேரைக் கூட்டிக்கிட்டு யார்டுல பைப்பைத் தூக்கு! வெரசா! வெரசா!"

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. போய்விட்டார்கள்.

செபஸ்தியாம்பிள்ளை 'மக்கள் குழுநிலைக் கலந்துரையாடலுக்காகக் கலைந்து சென்றனர்' என்று எழுதிவிட்டு, காலி வெளியில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

கவுன்சில் யார்டின் காவலாளி ஆண்டியப்பனை மறித்தான். "யாரு சொன்னது?"

"பெரட்டுல சொன்னாங்க."

காவலாளியும் லயத்துப் பிள்ளைதான். கேற்றைத் திறந்ததோடு, பைப்பின் ஒரு முனையையும் தூக்கிக்கொண்டான்.

வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. மாட்டிய இடத்தில் கொஞ்சம் ஒழுகியது. சாக்கைச் சுற்றித் தார் பூசினார்கள். றோசலின் மண் கூடையைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினாள். குழாய் இருமியது. செம்மண்ணைத் துப்பியது. ஒரு சின்னத் தவளையை வெளியே தள்ளியது. பிறகு தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவள் குழாயை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள்.

"போதும்டி, கழண்டு கையோட வந்திரப் போகுது," என்றாள் காளியாயி. அவளும் ஒருமுறை திறந்து பார்த்தாள்.

செய்தி கேட்டு செபஸ்தியாம்பிள்ளையும் சேர்மனும் ஓடி வந்தார்கள். ஓடுகிற குழாயைப் பார்த்ததும் செபஸ்தியாம்பிள்ளை, இழவு வீட்டுக்குள் நுழைந்தவர் போலச் சப்பாத்தைக் கழற்றாத குறையாக நின்றார்.

"யார் இதைச் செய்தது?"

"எல்லாரும்தானுங்க," என்றாள் றோசலின். "நீங்கதானுங்களே எல்லாரும் சேந்து..."

"அம்மா! நீங்கள் பங்கேற்க வேண்டியது திட்டமிடலில். வேலையில் அல்ல! நாளை மறுநாள் டொக்டர் பெர்க் வருகிறார். தண்ணீர் இல்லாத ஊரின் மக்கள் எப்படிச் சேர்ந்து சிந்திக்கிறார்கள் என்று பார்க்க வருகிறார். தண்ணீர் இருந்தால் நீங்கள் எதைப் பற்றிச் சிந்திப்பீர்கள்? சொல்லுங்கள், எதைப் பற்றி?"

சோலைமலை துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க ஐயா. பேருதான் வாசிச்சேன். அப்புறம் வாய் அதுபாட்டுக்குப் போயிருச்சு."

"கவுன்சில் பைப்பைத் திருடிட்டீங்க," என்றார் சேர்மன்.

"திருடலீங்களே, கவுன்சில் குழியிலதானுங்களே போட்டிருக்கோம்," என்றாள் றோசலின்.

"அனுமதி இல்லாம எங்க போட்டாலும் திருட்டுதான். கேட்டுக்க றோசலின், மேல வால்வை மூடப் போறேன். வெள்ளைக்காரரு வந்து பார்த்துட்டுப் போறவரைக்கும் ஒரு சொட்டு வரக்கூடாது. வந்துச்சு, வெளிநாட்டுக் காசு போச்சு. காசு போச்சுன்னா பைப்பைப் பிடுங்கிப் பழையபடி யார்டுல போட்டுருவேன்."

"அன்னிக்குத்தானுங்களே பீ.எச்.ஐ. ஐயாவும் வர்றாரு!"

கூட்டத்தோடு நின்ற பீ.எச்.ஐ., "ஆமா, வெள்ளைக்காரரோடயே வர்றேன். ரெண்டு வேலையும் ஒரு நடையில முடிஞ்சிரும்," என்றார்.

"ஒரு நாள் தள்ளி வரக்கூடாதுங்களா ஐயா? இப்ப ஓடுதுங்களே, இப்பவே பார்த்துக்கங்க!"

பீ.எச்.ஐ. குழாயைப் பார்த்தார். ஓடியது. மனமிரங்கித் தலையசைத்தார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா இன்னிக்கு நான் பரிசோதனைக்கு வரல்லியே. இன்னிக்கு வேடிக்கை பார்க்கத்தானே வந்தேன்."

சேர்மன் மேலே ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் குழாய் மெலிந்து, நூலாகி, நின்றது.

தண்ணீர் வந்தால் பைப் போகும். வராவிட்டால் கடை போகும். றோசலின் மஞ்சள் அட்டையைக் கழற்றி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, நேரே சோலைமலையின் வீட்டுக்குப் போனாள்.

"கங்காணி அண்ணே, நாளன்னிக்கும் பேரு கூப்பிடறது நீங்கதானுங்களே?"

"ஆமா புள்ள. இல்லாட்டிச் சனம் வராதுன்னு அவருக்கே தெரியுது. ஆனா கடைசிப் பேரோட வாயை மூடிக்கணும்னு மூணு தரம் சொல்லியிருக்காரு."

"மூடிக்கங்க. கடைசிப் பேரு யாரு பேருன்னு சொன்னாரா?"

"அது சொல்லல."

"பங்கேற்புன்னா எல்லாருந்தானே அண்ணே. சேர்மன் பேரை ஏன் கூப்பிடக் கூடாது? பீ.எச்.ஐ. பேரை ஏன் கூப்பிடக் கூடாது?"

சோலைமலை பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார். "அதிகாரிங்க பேரையா? பெரட்டுலயா?"

"வந்திருக்கிற தொரை பேரையும் கூப்பிடுங்க."

"தொரை பேரையா!" கங்காணியின் குரல் தாழ்ந்தது. அவர் வாழ்நாளில் பல துரைமாரைப் பெரட்டுக் களத்தில் பார்த்திருக்கிறார். அவர்கள் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். ஒரு துரையையும் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். பிறகு, "அந்தாளு பேரு என்னா?" என்று கேட்டார்.

டொக்டர் பெர்க் நெடிய மனிதர். காலில் பெரிய சப்பாத்து, முதுகில் பை, முகத்தில் சிரிப்பு. கொட்டுகிற மழையில் சந்தை வெளியில் போட்ட பந்தலுக்குக் கீழே வந்து நின்றார். பின்னால் திணைக்களத்தின் படப்பிடிப்பாளர். சேர்மன் வரவேற்றுப் பேசினார்.

"எங்கள் டவுனில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை என்பதைப் பெருமையோடு அறியத் தருகிறேன். இந்த நிலைமையைக் கட்டிக் காக்க கவுன்சில் எவ்வளவு பாடுபட்டது என்பது எங்களுக்குத்தான் தெரியும். இடையில் சில தீய சக்திகள் தண்ணீரைக் கொண்டுவர முயன்றன. முறியடித்தோம். நீங்கள் உதவி செய்தால், இன்னும் பல வருஷங்களுக்கு இப்படியே திட்டமிட நாங்கள் தயார்."

செபஸ்தியாம்பிள்ளை இதை வேறுவிதமாக மொழிபெயர்த்திருக்க வேண்டும். டொக்டர் பெர்க் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

அடுத்து வரவு. சோலைமலை துண்டைக் கட்டினார். பேர் ஒவ்வொன்றுக்கும் மழையைக் கிழித்துக்கொண்டு பதில் வந்தது. டொக்டர் பெர்க் வியந்துபோய்க் குறிப்பெடுத்தார். தாளில் இருந்த கடைசிப் பேர் றோசலின்.

"இருக்கேங்க!" என்றாள்.

சோலைமலை தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதைப் பார்த்து வாசித்தார்.

"சேர்மன் பொன்னையா!"

டொக்டர் பெர்க் ஆவலோடு சேர்மனைத் திரும்பிப் பார்த்தார். படப்பிடிப்பாளரும் படக் கருவியைத் திருப்பினார்.

"இருக்கேன்," என்றார் சேர்மன், கருவியைப் பார்த்துக்கொண்டு.

"பீ.எச்.ஐ. ஐயா!"

"இருக்கேன்."

"செபஸ்தியாம்பிள்ளை ஐயா!"

"சமுகம் தந்துள்ளேன்."

சோலைமலை ஒரு மூச்சு இழுத்தார். மலை முழுவதும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"பெர்க்குத் தொரை!"

தன் பேரைக் கேட்டதும் டொக்டர் பெர்க் இரண்டு கையையும் உயர்த்தி, "யெஸ்! யெஸ்!" என்று கத்தினார். சனம் ஆரவாரித்தது. காளியாயி விசிலே அடித்துவிட்டாள்.

சோலைமலை வாயை மூடிக்கொண்டார். சொன்னபடி நின்றுவிட்டார். ஆனால் சனம் கலையாமல் அவர் வாயைப் பார்த்தது. சனம் பார்ப்பதைப் பார்த்து டொக்டர் பெர்க்கும் அவர் வாயைப் பார்த்தார். பிறகு செபஸ்தியாம்பிள்ளையின் காதில் ஏதோ கேட்டார்.

"அடுத்தது என்ன என்று கேட்கிறார்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை, சுருதி இறங்கிய குரலில்.

"தொரையே கேக்கறாங்க. சொல்லலாமுங்களா ஐயா?" என்றார் கங்காணி.

செபஸ்தியாம்பிள்ளை சேர்மனைப் பார்த்தார். சேர்மன் தரையைப் பார்த்தார். டொக்டர் பெர்க், "பிளீஸ்!" என்றார்.

"அடுத்தது வேலைங்க!" என்றார் சோலைமலை. "சேர்மன் ஐயா மம்பட்டியோட தொட்டிக் கானுக்கு! பீ.எச்.ஐ. ஐயா கூடையோட மண்ணு சொமக்க! பெர்க்குத் தொரை வால்வு தெறக்க! செபஸ்தியாம்பிள்ளை ஐயா தொரைக்குக் குடை பிடிக்க! வெரசா! வெரசா!"

ஆண்டியப்பன் சேர்மனின் கையில் மம்பட்டியைக் கொடுத்தான். கருவி அவரை நோக்கி நின்றது. சேர்மன் சிரித்தார், படத்துக்காகச் சிரித்த சிரிப்பு முகத்தில் இறுகிப்போய், மலை ஏறி முடியும்வரை அப்படியே இருந்தது. பீ.எச்.ஐ.யின் தலையில் காளியாயி கூடையை வைத்தாள். "நேரா வெச்சுக்கங்க ஐயா, கழுத்து சுளுக்கிரும்."

அதிகாரிகள் மக்களோடு சேர்ந்து மண் சுமக்கிற ஊரை உலகத்தில் எங்குமே கண்டதில்லை என்று டொக்டர் பெர்க் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினார். குடை பிடித்துக்கொண்டு பின்னால் வழுக்கி வழுக்கி வந்த செபஸ்தியாம்பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை.

வால்வின் சக்கரம் இறுகியிருந்தது. டொக்டர் பெர்க் பையை இறக்கி வைத்துவிட்டுத் தம் கட்டித் திருப்பினார். பைப்புக்குள் உறுமல் ஒன்று உருண்டு இறங்கியது. சற்றுப் பொறுத்து, கீழே டவுனிலிருந்து ஒரே கூச்சல். ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீட்டுக்குப் பரவிய கூச்சல், கடைத்தெருவின் கடைசிக் கடைவரை போனது. டொக்டர் பெர்க் குழந்தைபோலக் குதித்தார். படப்பிடிப்பாளர், சக்கரத்தில் கை வைத்திருந்த அவரையும், மம்பட்டியோடு சேர்மனையும், குடையோடு செபஸ்தியாம்பிள்ளையையும் சேர்த்து எடுத்தார்.

நிபுணரின் கை திறந்த வால்வை இனி யார் மூடுவது? சேர்மன் மம்பட்டியும் கையுமாக நிற்கும் படம் கொழும்புக்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகப்போகிறது. அதில் தெரிகிற பைப்பைப் பிடுங்கி எந்த யார்டில் ஒளிப்பது? சேர்மன் அங்கேயே புரிந்துகொண்டு, உடனே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அந்தப் பைப்பை மாட்டும் யோசனை தமக்கு ஆடி மாதத்திலேயே உதித்ததாகவும், தக்க கைக்காகக் காத்திருந்ததாகவும் சொன்னார். ஐந்தாம் கட்டத்தை முதலாம் கட்டத்திலேயே முடித்த முதல் திணைக்களம் தம்முடையதுதான் என்று செபஸ்தியாம்பிள்ளையும் கண்டுபிடித்துவிட்டார்.

பீ.எச்.ஐ. முழங்கால்வரை சேற்றோடு கடைக்கு வந்தார். "றோசலின், கொஞ்சம் தண்ணி குடு. காலைக் கழுவணும்."

"குழாய்லயே கழுவுங்க ஐயா."

கழுவினார். முகம் கழுவினார். கழுத்தைத் தேய்த்துக் கழுவினார். பிறகு, தான் எதற்காக வந்தவர் என்பது நினைவுக்கு வர, குழாயை மூடித் திறந்து முறைப்படி பரிசோதித்தார். ஈரக் கையோடு லைசனில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் கடை நிரம்பிவிட்டது. மலையிலிருந்து இறங்கிய சனம் முழுவதும் அங்கேதான் நின்றது. அடுப்பில் கேத்தல் கொதித்தது. றோசலின் இரண்டு கையையும் குழாய்க்குக் கீழே வைத்துக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். செபஸ்தியாம்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நனைந்த காகிதத்தைச் சுவரில் விரித்து, நாலு பேனாவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"பிரதிநிதி அவர்களே! திட்டத்தின் இரண்டாம் கட்டம் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம். தண்ணீர் என்றதும் இப்போது உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது?"

"இப்ப நேரமில்லீங்க ஐயா," என்றாள் றோசலின், திரும்பிப் பார்க்காமல். "தண்ணி வருது."

செபஸ்தியாம்பிள்ளை காகிதத்தைச் சுருட்டிக்கொண்டார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தன் அறிக்கையின் கடைசிப் பந்தியை எழுதினார்:

'தண்ணீர் வந்ததும் மக்களின் பங்கேற்பு திடீரென வீழ்ச்சியடைவது அவதானிக்கப்பட்டுள்ளது. அடுத்த நகரங்களில் இத்தவறு நேராதபடி திணைக்களம் ஆரம்பத்திலிருந்தே விழிப்பாக இருக்க வேண்டும்.'